அக்காவின் பங்கை அக்காவிடமே கொடுங்கள்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு வயது 43. பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001-ல் சுரங்கத்தை மூடியபோது கிடைத்த பணத்தில் இங்கே ஒரு சின்ன சைட் வாங்கிப் போட்டார். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். நான் டிப்ளமோ முடிக்கும்வரை அக்காதான் தினமும் ரயிலில் பெங்களூரு வந்து, கார்மென்ட்ஸில் வேலை செய்து எனக்கு ஃபீஸ் கட்டினார். 2012-ல் அப்பா சாகும்போது என் கையைப் பிடித்து, "அக்காவும் நீயும் சரிபாதியா எடுத்துக்கணும்" என்றார். உயில் எதுவும் எழுதவில்லை. இரண்டு வருடம் கழித்து, காத்தா (சொத்து வரிப் பதிவு) மாற்றத்தான் என்று அக்காவிடம் சொல்லி, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன். பத்திரம் கன்னடத்தில் இருந்தது. அக்காவுக்குக் கன்னடம் படிக்க வராது. செலவுக்கு என்று ஒரு லட்சம் கொடுத்தேன். பிறகு கடன் வாங்கி வீடு கட்டினேன். கர்த்தர் வீடு கொடுத்தார் என்று சபையில் சாட்சியும் சொன்னேன். விஷயம் தெரிந்ததும் அக்கா வீட்டு வாசலில் நின்று, "நீ நல்லாவே இருக்க மாட்டே" என்று அழுதுவிட்டுப் போனார். அவர் இப்போது விதவை. தங்கவயலில் துணி தைத்துப் பிழைக்கிறார். எங்களுக்குள் பேச்சு இல்லை. போன வருடம் என் ஒன்பது வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்றார்கள். ஆறு மாதத்துக்கு முன் கம்பெனியில் ஒரு பிரிவையே மூடி, நாற்பது பேரோடு என்னையும் அனுப்பிவிட்டார்கள். ஜெபக் கூட்டம் ஒன்றில் ஊழியக்காரர் ஒருவர், "கீழ்ப்படியாமையால் ஆசீர்வாதத்தை இழந்தாய், தாவீதின் பிள்ளைக்கு நடந்ததைப் பார்" என்றார். சாபம் உடைய ஐம்பதாயிரம் விதை காணிக்கை, அதாவது ஆசீர்வாதம் விளையும் என்று நம்பிக் கொடுக்கிற பணம், போடச் சொன்னார். விசுவாசம் இருந்தால் ஊசியை நிறுத்து என்றும் சொன்னார். மனைவியின் வளையலை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். பத்திரம் பற்றி மனைவிக்குத் தெரியாது. நான் இழந்த ஆசீர்வாதம் திரும்பக் கிடைக்குமா? சபைக் கமிட்டியில் இருக்கிறேன், அதிலிருந்து விலக வேண்டுமா?

பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: அன்புச் சகோதரரே, மற்றதைப் பேசுவதற்கு முன்னால் ஒன்று. பாப்பாவின் இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஊசியை நிறுத்தச் சொன்னவர் யாராக இருந்தாலும், எத்தனை பேருக்கு அவர் ஜெபித்திருந்தாலும், இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்கக் கூடாது.

டைப் 1 என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறிப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை அழித்துவிடுகிற நோய். இனிப்பு தின்றதால் வந்ததல்ல. கர்ப்ப காலத்தில் உங்கள் மனைவி எதையோ செய்ததால் வந்ததுமல்ல. அந்தச் செல்கள் போன பிறகு, வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்தால்தான் பிள்ளை உயிரோடு இருக்க முடியும். 1921-ல் கனடாவில் டொராண்டோ நகரத்தில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் அதை ஊசியாகப் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டு, இன்னும் சில மாதங்கள் வைத்திருக்க முடியுமா என்று பார்ப்பார்கள். பெற்றோரால் அழ மட்டுமே முடிந்தது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிற அந்தச் சின்னக் குப்பியைக் கர்த்தருடைய ஈவாக நான் பார்க்கிறேன். அதை நிறுத்துவது விசுவாசம் ஆகாது. இன்சுலின் நின்றால் சில நாட்களுக்குள், சில சமயம் அதற்கும் முன்பே, இரத்தத்தில் அமிலம் ஏறிப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகும். அடிக்கடி வாந்தி, வயிற்று வலி, வேகமாக ஆழ்ந்து மூச்சு வாங்குவது, மூச்சில் பழ வாடை, தூங்கி விழுவது இவற்றில் எதைக் கண்டாலும் ஜெபித்துக்கொண்டே ஆட்டோ பிடித்து எமர்ஜென்சிக்கு ஓடுங்கள். பாப்பாவை உபவாசம் இருக்க வைக்கவும் கூடாது. வேலை இல்லாத நேரத்தில் மருந்துச் செலவு பாரமாக இருந்தால், நிம்ஹான்ஸ் பக்கத்தில் இருக்கிற இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனையில் விசாரியுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. மகளின் நோய், வேலை போனது, அக்காவுக்குச் செய்தது. அந்த ஊழியக்காரர் மூன்றையும் சேர்த்து இறுக்கிக் கட்டி உங்கள் கையில் கொடுத்துவிட்டார். வேதம் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறது.

பிறவிக் குருடனைப் பார்த்த சீஷர்களும் உங்களைப் போலத்தான் கேட்டார்கள். இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவன் செய்ததா, இவனைப் பெற்றவர்கள் செய்ததா என்று. இயேசு சொன்ன பதில் யோவான் 9:3-ல் இருக்கிறது: "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." அந்தப் பெற்றோர் பாவமே செய்யாதவர்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர்களுடைய பாவத்தையும் பிள்ளையின் கண்ணையும் சேர்த்துக் கணக்குப் போடாதே என்றார். உங்களுக்கும் பாவம் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் பாப்பாவின் கணையம் அந்தக் கணக்கில் சேராது.

வேலை போனதும் அப்படித்தான். லூக்கா 13-ல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தியை இயேசு எடுக்கிறார். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டுவிட்டு, இல்லை என்கிறார். உங்களோடு நாற்பது பேர் வெளியே வந்தார்களே, அவர்கள் எல்லாரும் அக்காவை ஏமாற்றினவர்களா? கம்பெனிக்கு அந்தப் பிரிவு தேவையில்லாமல் போயிற்று, மூடினார்கள். அதற்கு மேல் அதில் துருவுவதற்கு ஒன்றும் இல்லை.

தாவீதின் பிள்ளை விஷயம் உங்களை ஆழமாகக் குத்தியிருக்கிறது என்று தெரிகிறது. தாவீது ராஜா இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்ட பாவத்துக்குப் பிறகு, 2 சாமுவேல் 12-ல் அந்தக் குழந்தை இறந்தது உண்மை. அதை நான் மழுப்பப் போவதில்லை, வாசிக்கும்போதெல்லாம் எனக்கும் கனமான அதிகாரம் அது. ஆனால் அங்கே நாத்தான் தீர்க்கதரிசி கர்த்தரிடமிருந்து நேரடியாக ஒரு வார்த்தையைக் கொண்டுவந்தார். அது ஒரு ராஜாவுக்கு, ஒரு குறிப்பிட்ட சம்பவத்துக்குச் சொன்னது. அதை எடுத்து, எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு நோய் வந்தாலும் தகப்பன் நெற்றியில் ஒட்டிவிட யாருக்கும் அதிகாரம் கிடையாது. பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்று ஜனங்கள் பழமொழி பேசித் திரிந்தபோது, அதை இனிச் சொல்லவே கூடாது என்று கர்த்தர் எசேக்கியேல் 18-ல் தடுத்தார். "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை" என்று அதே அதிகாரம் சொல்கிறது. மகளும் சுமப்பதில்லை.

இதை உங்கள் மகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும். ஜெபக் கூட்டத்தில் பேசியது, ராத்திரி நீங்களும் மனைவியும் கிசுகிசுத்தது எல்லாம் அதன் காதில் விழுந்திருக்கும். அப்பா செய்த எதற்கோ நான்தான் தண்டனை என்று ஒரு குழந்தை நினைத்துக்கொண்டால், அந்தக் காயம் ஊசி குத்துகிற வலியைவிடப் பெரியது. "உனக்கு வந்தது ஒரு நோய். உன்மேல் தப்பு இல்லை. இயேசப்பா உன்மேல் கோபமா இல்லை" என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஒரு தடவை சொல்லி விட்டுவிடாதீர்கள்.

இனி மூன்றாவது விஷயம். இதில் நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லப் போவதில்லை.

கீழ்ப்படியாமையால் ஆசீர்வாதத்தை இழக்க முடியுமா என்று கேட்டால், முடியும். வேதம் முழுக்க அது இருக்கிறது. ஆனால் நீங்கள் இழந்த தேதியைத் தவறாகப் போட்டிருக்கிறீர்கள். டாக்டர் ரிப்போர்ட் வந்த நாளையும் கம்பெனி கடிதம் கொடுத்த நாளையும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் அக்கா உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்ட நாளிலேயே இழந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு வீடு எழும்பியது, சம்பளம் வந்தது, சாட்சி சொன்னீர்கள், சபை ஆமென் சொன்னது. அத்தனை வருடமும் நீங்கள் ஆசீர்வாதத்தோடு இருப்பதாக நினைத்தீர்கள், உண்மையில் அதை இழந்தவராகத்தான் இருந்தீர்கள்.

இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் கதையை 1 சாமுவேல் 15-ல் நிதானமாகப் படியுங்கள். முன்பு படிக்காத மாதிரி படியுங்கள். அமலேக்கியருடைய எதையும் மிச்சம் வைக்காமல் அழிக்கக் கர்த்தர் சொன்னதைச் செய்யாமல், ஆடுமாடுகளில் தரமானதை வைத்துக்கொள்கிறான். பிறகு கர்மேலுக்குப் போய்த் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டுகிறான். சாமுவேல் தீர்க்கதரிசி வந்ததும் அவனே முந்திக்கொண்டு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்கிறான். சாமுவேல் கேட்கிறார்: "அப்படியானால் என் காதுகளில் விழுகிற ஆடுகளின் சத்தமும், எனக்குக் கேட்கிற மாடுகளின் சத்தமும் என்ன?" உடனே பதில் தயாராக இருக்கிறது, அது கர்த்தருக்குப் பலியிடத்தான் என்று. வைத்துக்கொள்ளக் கூடாததை வைத்துக்கொண்டு, அதிலிருந்து கர்த்தருக்கே ஒரு காணிக்கை. "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்" என்ற வசனம் அந்த இடத்தில்தான் வருகிறது. அதைத் தனியாக எடுத்துச் சுவரில் மாட்டிவிடுகிறோம். கையில் ஆடுகளோடு நின்ற ஒருவனுக்குச் சொன்னது அது என்பது மறந்துபோகிறது.

அப்புறம் சவுலுக்கு என்ன ஆனது? அன்றைக்கே சிங்காசனம் போய்விடவில்லை. அதற்குப் பிறகும் பல காலம் அவன்தான் ராஜா. சேனை இருந்தது, அரமனை இருந்தது. முதலில் போனது சாமுவேல். தன்னிடம் நேராகப் பேசுகிற அந்த ஒரு மனிதர், சாகும் நாள்வரை சவுலைக் கண்டு பேச வரவில்லை. அடுத்தது மன அமைதி. அடுத்த அதிகாரத்திலேயே அவனைத் தேற்ற, சுரமண்டலம் வாசிக்க ஆள் தேடுகிறார்கள். உங்கள் கடிதத்தை இந்த வெளிச்சத்தில் படித்தால், நீங்கள் யாரை, எதை இழந்தீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. ஃபீஸ் கட்டிய அக்காவை இழந்தீர்கள். கூச்சமில்லாமல் ஜெபிக்கிற மனதை இழந்தீர்கள். மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற சுதந்திரம் போயிற்று. நானாக அடுக்கவில்லை, எல்லாம் உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

வெளியே வரவு குறையாமல் இருப்பது கீழ்ப்படிதலுக்கு அத்தாட்சி ஆகாது. மோசே மேரிபாவில் கன்மலையோடு பேசச் சொன்னதை மீறி, அதைக் கோலால் இரண்டு தரம் அடித்தார். ஆனாலும் எண்ணாகமம் 20:11, "உடனே தண்ணீர் ஏராளமாய்ப் புறப்பட்டது" என்கிறது. ஜனங்களும் மிருகங்களும் வயிறு நிறையக் குடித்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் அற்புதம் என்று சொல்லியிருப்பார்கள். கர்த்தர் மட்டும் அதைக் கீழ்ப்படியாமை என்று எழுதி வைத்தார். மோசே கானானுக்குள் போகவில்லை. அதற்காகக் கர்த்தர் அவரைக் கைவிடவும் இல்லை. நேபோ மலையில் தேசத்தைக் காட்டி, தாமே அடக்கம்பண்ணினார். மறுரூப மலையில் இயேசுவோடு பேசிக்கொண்டு நின்றவர் அதே மோசே. மன்னிப்பும் உண்டு, விளைவும் உண்டு, இரண்டும் ஒரே ஆளின் வாழ்க்கையில் சேர்ந்தே இருக்க முடியும். உங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

உபாகமம் 28-ஐயும் காட்டிப் பயமுறுத்தியிருப்பார்கள். முதல் 14 வசனம் ஆசீர்வாதம், அதிலிருந்து 68 வரை சாபம். அது மோவாப் சமவெளியில் ஒரு தேசம் முழுவதையும் நிறுத்தி, உடன்படிக்கையாகச் சொன்னது. தனி ஒருவர் வீட்டு ரேஷன் கார்டுக்கு அதை அப்படியே பிரித்துப் போட முடியாது. அதற்கு முந்தின அதிகாரத்தையும் படியுங்கள். பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை, இவர்களுடைய நியாயத்தைப் புரட்டுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று 27:19 சொல்கிறது. சாபம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் அங்கே பார்க்கச் சொல்வேன்.

அக்கா வாசலில் நின்று சொன்ன வார்த்தைக்கு நீங்கள் பயப்படுகிறீர்கள். காரணமில்லாமல் இட்ட சாபம் தங்காது என்று நீதிமொழிகள் 26:2-ஐச் சொல்லி உங்களைத் தேற்றலாம். ஆனால் அக்காவுக்குக் காரணம் இருந்தது. அதனால் அந்த வசனத்தை உங்களுக்குத் தர என்னால் முடியாது. வேறு ஒன்று தருகிறேன். கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்கிறது. சிலுவைக்கு மேல் நிற்கிற சாபம் எதுவும் இல்லை, அக்காவின் கண்ணீர் உட்பட. இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா வயிறெரிந்து சொன்னதால்தான் பிள்ளைக்கு நோய் வந்தது என்று மனதின் ஒரு மூலையில்கூட நினைக்காதீர்கள். பங்கை எடுத்தது போதாதென்று, மருமகளுக்கு நோய் வரவைத்தவள் என்ற பழியையும் அந்த அம்மா தலையில் வைப்பதாகிவிடும் அது.

விதை காணிக்கை பற்றி எனக்கு இரண்டு மனது இல்லை. போடாதீர்கள். மனைவியின் வளையல் பெட்டியிலேயே இருக்கட்டும். இப்படிப்பட்ட கூட்டங்களில் மல்கியா 3:10-ஐ எடுப்பார்கள், வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்று. அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரனையும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாக நானே சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் சொல்கிறார். அந்த வசனத்தை ஏன் யாரும் மைக்கில் வாசிப்பதில்லை? மாற்கு 7-ல் இயேசு கண்டித்ததும் இதைத்தான். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிக் காணிக்கையாக்கிவிட்டுக் கைகழுவுகிறவர்களைப் பார்த்து, உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். அக்காவுக்குக் கொடுக்க வேண்டிய ஐம்பதாயிரம் உண்டியலில் விழுந்தால் அது உங்கள் கொர்பான். அந்தப் பணத்தை வாங்குகிற ஊழியக்காரரும் அந்தப் பாவத்தில் பங்கு வாங்குகிறார்.

யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று நியாயப்பிரமாணம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எண்ணாகமம் 5:7-ன்படி பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடே ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தானோ அவனுக்கே செலுத்த வேண்டும். வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். அவன் அதைச் சொன்ன பிறகுதான் இயேசு, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். பெண்ணுக்குப் பங்கு என்பது ஏதோ இந்தக் காலத்துப் பேச்சு என்றும் எண்ண வேண்டாம். எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன் வந்து தகப்பன் சொத்தில் பங்கு கேட்டார்கள். அவர்கள் பேசுகிறது சரியே என்று தீர்ப்புச் சொன்னவர் கர்த்தர்.

நாட்டுச் சட்டமும் உங்கள் அப்பா சொன்னதையே சொல்கிறது. கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவி உயிரோடு இருந்தால் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. உங்கள் அம்மா முன்பே போய்விட்டதால் சைட்டில் பாதி அக்காவுடையது. ஆண், பெண் என்ற வித்தியாசம் அந்தச் சட்டத்தில் இல்லை. அப்பா வாயால் சொன்னதற்கு உயில் பலம் இல்லாமல் போகலாம், ஆனாலும் கணக்கு அதேதான்.

எவ்வளவு, எப்படி என்பதில்தான் நீங்கள் தடுமாறுவீர்கள். கட்டிடம் உங்கள் கடனில் எழும்பியது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. மனையின் மதிப்பில் பாதியை எடுங்கள். இன்றைய விலையில் எடுங்கள், 2014-ம் வருட விலையில் எடுக்காதீர்கள். பத்திரப் பதிவுக்காக அரசு வைக்கிற கைடன்ஸ் வேல்யூவை வைத்துக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வரும். அதை விட்டுவிடுங்கள், பக்கத்தில் சைட் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து எழுதுங்கள். அன்றைக்குக் கொடுத்த ஒரு லட்சத்தைக் கழித்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அக்கா சொல்லட்டும்.

வேலை இல்லாத உங்களிடம் மொத்தமாகப் பணம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். மாடியோ ஒரு போர்ஷனோ வாடகைக்கு விட்டிருந்தால், வருகிற மாதத்திலிருந்து அந்த வாடகை அக்காவின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், தொகை சின்னதாக இருந்தாலும் மாதாமாதம் ஒரே தேதியில் போடுங்கள். மீதியை எப்போது, எப்படி அடைப்பேன் என்று ஒரு ஒப்பந்தமாக எழுதுங்கள். நீங்கள் நடுவில் இறந்துபோனாலும் அவருக்குக் கிடைக்கும்படி உயிலிலும் சேர்த்துவிடுங்கள். வீட்டை விற்றுப் பங்கு பிரிப்பதுதான் நேர்மையான வழி என்று உங்களுக்கும் மனைவிக்கும் தோன்றினால், வங்கிக் கடன் பாக்கியை முதலில் பார்த்துவிட்டு அதையும் செய்யலாம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு நன்றாகத் தூங்குகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

இந்தத் தடவை அக்கா கையெழுத்துப் போட வேண்டிய எந்தக் காகிதமும் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். கன்னடத்தில்தான் பதிய வேண்டும் என்றால், அவர் நம்புகிற ஒருவர் தமிழில் வாசித்துக் காட்டட்டும். வக்கீலை நீங்கள் ஏற்பாடு செய்யாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கொடுக்க 1987-ம் வருடச் சட்டம் வழி செய்திருக்கிறது. தாலுகா கோர்ட் வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் குழுவில் கேட்டால் அவருக்கு ஒரு வக்கீல் கிடைப்பார். இதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு எதிராகப் பயன்படக்கூடிய ஒரு தகவலை நீங்களாகவே அவர் கையில் கொடுத்தால், நீங்கள் மாறிவிட்டீர்கள் என்பதை அவர் அதில் பார்ப்பார்.

அக்காவைப் பார்க்கப் போவதற்கு முன் மனைவியிடம் பேசிவிடுங்கள். குடும்பத்துக்கு வருகிற காசு குறையப் போகிறது, காரணம் தெரியாமல் அவர் அதைத் தாங்கக் கூடாது. கோபப்படுவார். என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்கு வேதவசனம் சொல்லாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

தங்கவயலுக்குத் தனியாகப் போங்கள். பாஸ்டரையோ பெரியவர்களையோ கூட்டிக்கொண்டு போனால், அக்காவுக்கு அது பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். கர்த்தர் என்னோடு பேசினார் என்று ஆரம்பிக்காதீர்கள். பாப்பாவின் நோயை எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்தால் பிள்ளைக்காக மன்னித்துவிடு என்று அவரை நெருக்குவதாகிவிடும். "காத்தாவுக்கு இல்லைக்கா, அது விடுதலைப் பத்திரம். தெரிஞ்சே உன்னை ஏமாத்தினேன். அப்பா சொன்னது உனக்குப் பாதி" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மன்னிப்பைக் கேளுங்கள், ஆனால் பதிலை அன்றைக்கே எதிர்பார்க்காதீர்கள். கதவைச் சாத்தலாம். பக்கத்து வீட்டார் காதில் விழும்படி திட்டலாம். கேட்டுக்கொள்ளுங்கள். உன் பணம் எனக்கு வேண்டாம் என்றாலும் அவர் பேரில் கணக்குத் தொடங்கிப் போட்டுக்கொண்டே இருங்கள். அவர் மன்னித்தால்தான் கொடுப்பேன் என்றால் அது வியாபாரம்.

இழந்த ஆசீர்வாதம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டீர்கள். "தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான், அவைகளை அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம்பெறுவான்" என்கிறது நீதிமொழிகள் 28:13. நீங்கள் மனதார அறிக்கையிடுகிற அந்த நிமிடமே கர்த்தர் மன்னிக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1 யோவான் 1:9-ஐ நம்பித்தான் நானும் ஒவ்வொரு நாளும் முழங்கால் போடுகிறேன். அக்காவின் பங்கைத் திருப்புவது மன்னிப்புக்குக் கொடுக்கிற விலை ஆகாது. மன்னிப்புப் பெற்றவன் திருடின பொருளை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் திருப்புகிறீர்கள். ஆனால் வேலை திரும்ப வரும், பாப்பாவின் சர்க்கரை போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வேலை தேடிக்கொண்டே இருங்கள். கிடைத்தால் நன்றி சொல்லுங்கள், தாமதமானால் அதைத் தண்டனை என்று எண்ணாதீர்கள். பாப்பாவுக்கு இன்சுலின் இன்றைக்கும் வேண்டும், அவள் கல்லூரிக்குப் போகும்போதும் வேண்டும். அதோடு சேர்ந்தே அவள் ஓடலாம், படிக்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். ஒப்புரவு முடிந்த பிறகும் சர்க்கரை ஏறி இறங்கும். அப்போது, இன்னும் ஏதோ பாவம் மிச்சமிருக்கிறது போல என்று பழைய பயம் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

கமிட்டி விஷயம். விலகிக்கொள்ளுங்கள், அக்காவோடு கணக்குத் தீரும்வரை. சவுல் நான் பாவஞ்செய்தேன் என்று சொன்ன அதே மூச்சில், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலிடம் கெஞ்சினான். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். உங்கள் ஆயரிடம் காரணத்தைச் சொல்லுங்கள், கமிட்டிக்குக் குடும்பக் காரணம் என்றால் போதும். வீட்டைப் பற்றிச் சொன்ன சாட்சியைச் சபைக்கு முன் திருத்துவதா என்பதை அக்காவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அது அவருடைய கதையும்தான், தன் பெயர் நாலு பேர் வாயில் விழ வேண்டாம் என்று அவர் நினைக்கலாம்.

பத்திரத்தின் சர்டிஃபைட் காப்பி ஒன்றை ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் எழுதி வாங்கிக்கொண்டு தங்கவயலுக்குப் போங்கள். அவர் கையெழுத்துப் போட்ட காகிதம், அவரிடம் ஒரு நகல் இருக்க வேண்டும். போய்விட்டு வந்த பிறகு, அக்கா என்ன சொன்னாலும், எனக்கு எழுதுங்கள்.